வந்தியின் பங்கும் முறைமன்ற நடுவரும்

1

‘ஓம்புட்ஸ்மன்’ என்ற சுவீடியச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் மூன்று பெயர்கள் புழங்கி வந்திருக்கின்றன. உள்ளாட்சிகளுக்காக 2014இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின் கீழ் வந்தவர் ‘முறைமன்ற நடுவர்’. நூறு நாள் வேலைக்காக மாவட்டந்தோறும் நியமிக்கப்பட்டவர் ‘குறைதீர்ப்பாளர்’. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் விசாரிக்க 2018இல் சட்டமன்றம் கொண்டுவந்தது ‘லோக் ஆயுக்தா’. அது தன் சமஸ்கிருதப் பெயரோடேயே நின்றுவிட்டது. மேலே போகப்போகச் சொல் புரியாமல் போகிறது. கீழே இருப்பவருக்குத் தீர்ப்பாளர், நடுவில் நடுவர், உச்சியில் மந்திரம் மாதிரி ஒரு பெயர். இது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் பெயர்களை வாசிப்பது விமர்சகனின் வேலை என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

‘குறை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஓர் அதிகாரி சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால் அது அவருடைய குற்றம். ஆனால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடப்பதற்குப் பெயர் ‘மக்கள் குறைதீர்க்கும் நாள்’. குறை யாருடையது? மக்களுடையது. இலக்கணத்திலேயே இடமாற்றம் நடந்துவிடுகிறது. அரசின் பக்கம் இருக்க வேண்டிய குற்றம் மனுக் கொடுப்பவரின் பக்கம் குறையாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அவர் ஏதோ ஊனத்தோடு வந்தவர் போலவும், அதை ஆற்றி அனுப்புவது அரசின் பெருந்தன்மை போலவும் ஒரு காட்சி உருவாகிறது. ‘முறை’ என்ற சொல் இதற்கு நேர் எதிரானது. முறையிடுகிறவர் இரக்கத்தைக் கேட்பதில்லை. முறை பிறழ்ந்துவிட்டது என்கிறார். பாண்டியன் வாயிலில் நின்ற கண்ணகி குறை தீர்க்கச் சொல்லிப் போனவளில்லை. கையில் சான்றோடு, தீர்ப்புச் சொன்னவனையே குற்றவாளியாக நிறுத்தப் போனவள். அங்கே நடுவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. நீதிபதியும் எதிர்வாதியும் ஒரே ஆள். அவன் உயிரை விட்டான், ஊர் எரிந்தது. ஆள்பவன் மீதான புகாரை ஆள்பவனே விசாரிக்கும் ஏற்பாட்டுக்கு இரண்டே முடிவுகள்தான் உண்டு என்று அந்தக் காப்பியம் சொல்வதாக வாசிக்கலாம்: ஒன்று அரசன் சாவது, அல்லது ஊர் எரிவது. மூன்றாவதாக ஒரு முடிவைக் கண்டுபிடிக்கும் முயற்சியே ஓம்புட்ஸ்மன் என்ற பதவி.

2

அறந்தாங்கியிலிருந்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஆவுடையார்கோயில், அதாவது திருப்பெருந்துறை, தமிழ் மரபின் மிகப் பெரிய அரசுப்பண விவகாரம் நடந்த இடமாகப் புராணங்களில் சொல்லப்படுவது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய கருவூலப் பணத்தை அமைச்சர் வாதவூரர் இங்கே கோயிலுக்கும் அடியார்க்கும் செலவிட்டார். அரசன் கணக்குக் கேட்டான். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து கணக்கை நேர் செய்தான். இரவில் பரிகள் மறுபடியும் நரிகளாயின. கொட்டடியில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அமைச்சர் வைகை மணலில் வெயிலில் நிறுத்தப்பட்டார். வைகை பெருகியது.

பக்தியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாணிக்கவாசகரின் பாடல்களுக்கு முன்னால் குதிரைக் கணக்கு அற்பமானது என்று சொல்பவரோடும் எனக்குச் சண்டை இல்லை. என் அக்கறை கதையின் அமைப்பில். தணிக்கை நாளில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. தணிக்கை முடிந்து ஆட்கள் போனதும் பொருள் காணாமல் போகிறது. பகலில் பரி, இரவில் நரி. கண்மாய்க்கரையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிமம் புதிதாக இருக்காது. பதிவேட்டில் பெயர் இருக்கும், கரையில் ஆள் இருக்காது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை என்பதே முக்கியம். வைகைக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுக்கிறார்கள். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவிக்கும் ஒரு பங்கு. அவளுக்கு ஆள் துணை கிடையாது. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு இறைவனே கூலியாளாக வருகிறான், வேலை செய்யாமல் தூங்குகிறான், பிரம்படி படுகிறான். அந்த அடி அரசன் உட்பட எல்லார் மேலும் விழுகிறது.

பணம் கையாண்டது அமைச்சர். கோபப்பட்டது அரசன். திருவிளையாடியது இறைவன். மண் சுமக்க வேண்டியது வந்தி. மேலே நடந்த கணக்குத் தகராறின் சுமை கடைசியில் ஒரு தனிக் கிழவியின் பங்காக அளந்து தரப்படுகிறது. ஆள் இல்லாத கிழவிக்கும் ஆள் கட்டுள்ள வீட்டுக்கும் ஒரே மாதிரி எப்படிப் பங்கு போட்டீர்கள் என்று கதைக்குள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு இடமில்லை. அந்த இடம் காலியாக இருப்பதாலேயே அற்புதம் தேவைப்படுகிறது. வந்தி போய் நிற்கவும், அளவு போட்டவனைக் கூப்பிட்டு விசாரிக்கவும் ஓர் இடம் இருந்திருந்தால் சிவன் பிட்டுக்கு மண் சுமந்திருக்க வேண்டியதில்லை. ஓம்புட்ஸ்மனைப் பற்றிய என் வரையறை இவ்வளவே: அற்புதம் தேவைப்படாமல் வந்தி கேள்வி கேட்கும் இடம். அந்த அளவுகோலை வைத்தே கீழே வரும் சட்டங்களைப் பார்க்கிறேன்.

3

கணக்குக் கேட்கும் மரபு நமக்கு உண்டு என்று சொல்ல உத்திரமேரூரைக் காட்டுவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய குறிப்பிட்ட உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கின்றன. கடுமையான விதி, இன்றைய எந்தத் தேர்தல் சட்டத்திலும் இல்லாதது. ஆனால் அந்தக் குடத்தில் ஓலை போடப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது பிராமணச் சபை. தங்களுக்குள் கணக்குக் கேட்டுக்கொண்டார்கள். அந்த நிலத்தில் உழைத்தவர் கேட்க முடியாது. இதை மறைத்துவிட்டுக் ‘குடவோலை ஜனநாயகம்’ என்று மேடையில் முழங்குவது, யார் கேட்கலாம் என்ற கேள்வியை விழுங்கிவிடுகிறது.

சுவீடனில் 1809இல் நடந்ததன் சிறப்பு, யாருடைய ஆள் என்பது மாறியதில் இருக்கிறது. மன்னன் நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் பதவியிலிருந்து இறக்கப்பட்ட ஆண்டு அது. அரசனின் அதிகாரிகளைக் கண்காணிக்க அரசனே ஆள் வைத்திருந்த வழக்கம் முன்பே உண்டு. 1809 அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தின் சார்பில் ஓர் ஆளை உருவாக்கியது. 1810இல் முதல் ஓம்புட்ஸ்மன் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீதிபதிகள் உட்பட அதிகாரிகள் மீது வழக்குத் தொடரும் அதிகாரம் அவருக்கு இருந்தது. பிறகு இது 1950களில் டென்மார்க்குக்கும், 1962இல் நியூசிலாந்துக்கும், 1967இல் பிரிட்டனுக்கும் போனது. போகிற வழியில் வழக்குத் தொடரும் கை சுருங்கி, பரிந்துரை செய்யும் வாய் நீண்டது. பிரிட்டனில் குடிமகன் நேராகப் போக முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் போக வேண்டும் என்று ஒரு வடிகட்டியும் வைத்தார்கள்.

இந்தியாவில் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966இல் லோக்பால், லோக் ஆயுக்தா இரண்டையும் பரிந்துரைத்தது. மத்தியச் சட்டம் நிறைவேற 2013 ஆனது. நாற்பத்தேழு ஆண்டுகள். முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில்.

தமிழ்நாட்டின் கதை தனியானது, அதிகம் பேசப்படாதது. 1972 அக்டோபரில் கட்சிக் கணக்கைக் கேட்டதற்காக எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். ஊழல் பேச்சு ஊரெங்கும் எழுந்த அந்தச் சூழலில் கருணாநிதி அரசு 1973இல் பொது வாழ்வில் உள்ளோரின் குற்றநடத்தைக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. முதலமைச்சர் தொடங்கி உள்ளாட்சித் தலைவர் வரை அதன் வரம்பில் வந்தார்கள். நாட்டில் மிகச் சில மாநிலங்களே இப்படி யோசித்த காலம் அது. 1977இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தார், அதே ஆண்டில் அந்தச் சட்டம் ரத்தானது. கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சி, கணக்குக் கேட்கும் சட்டத்தை எடுத்துவிட்டது. 1979இல் கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மாநிலச் சட்டத்துக்கும் மத்தியச் சட்டங்களுக்கும் முரண் இல்லை என்றும், முதலமைச்சரும் பொது ஊழியரே என்றும் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு, உயிரோடு இல்லாத ஒரு சட்டத்தைப் பற்றியது. தமிழ்நாடு தந்த பங்களிப்பு ஒரு சட்டப் பிணத்தின் மீது எழுதப்பட்ட நல்ல தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

1977க்குப் பிறகு நாற்பத்தொரு ஆண்டுகள். இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. கர்நாடகத்தில் 1984இலேயே லோக் ஆயுக்தா சட்டம் வந்தது. கேரளத்தில் உள்ளாட்சிக்குத் தனி ஓம்புட்ஸ்மன் 2000இல் வந்தது. இங்கே உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, கெடு முடிவதற்கு முந்தைய நாள், 2018 ஜூலை 9 அன்று மசோதா நிறைவேறியது. ஒப்பந்தப் பணிகளும் நியமனங்களும் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டன, இது பல் இல்லாத அமைப்பு என்று சொல்லித் தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. 2021 மேயில் ஆட்சிக்கு வந்தபின் அதே சட்டத்தோடுதான் அது ஆட்சி நடத்தியது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தெரியும் பல், ஆளுங்கட்சியானதும் தெரியாமல் போவது தனிநபர் பலவீனம் இல்லை. அதிகாரத்தின் இடம் பார்வையைத் தீர்மானிக்கிறது.

தேர்வுக் குழுவைப் பாருங்கள். முதலமைச்சர், பேரவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர். மூன்றில் இரண்டு ஆளும் தரப்பு. பொய்ப் புகாருக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டப் பிரதியில் இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நடுவரைத் தேர்வதில் ஆள்பவருக்குப் பெரும்பான்மை. புகார் நிரூபணமாகாவிட்டால் வரும் அச்சத்தில் சாமானியருக்குப் பெரும்பான்மை. வந்தி அரசவைக்குள் வரலாம், பிரம்பைத் தாண்டி வர வேண்டும்.

4

மாநில அளவில் நடப்பது செய்தித்தாளில் வருகிறது. விஷயம் செறிவாக இருப்பது மாவட்டத்தில், அதுவும் நூறு நாள் வேலையில். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் 2009இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவுறுத்தலால் மாவட்டந்தோறும் குறைதீர்ப்பாளர் என்ற பதவி வந்தது. (2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தின் இடத்தில் 125 நாள் என்று சொல்லும் வேறொரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. பழையதன் அனுபவத்தை எழுதிவைப்பது அதனாலேயே அவசரமாகிறது.) புகாரைப் பெறுவது, களத்துக்குப் போய்ப் பார்ப்பது, ஆவணங்களை வரவழைப்பது, பணம் கொடுக்கச் சொல்வது, ஒழுங்கு நடவடிக்கைக்கு எழுதுவது இவையெல்லாம் அவருடைய வேலை. நிர்வாகத்திலிருந்து சுதந்திரமானவர் என்று காகிதம் சொல்கிறது. அவருக்கு அறையும் நாற்காலியும் உதவியாளும் தருவது, யாரைப் பற்றிப் புகார் வருமோ அந்த மாவட்ட நிர்வாகம்.

முதலில் மனு என்ற இலக்கிய வகையைப் பார்ப்போம். அது ஓர் இலக்கிய வகைதான். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்கள் அதன் ஆசிரியர்கள். ஒரு பெண் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“எட்டு நாளு வேலக்கிப் போனேன், அஞ்சு நாளுதான் ஏத்தியிருக்காக. கேட்டா ஓவர்சியரு அளவு கொறஞ்சு போச்சுங்கறாரு. அளவு எடுக்கயில நான் அங்கனதான நின்னேன், எங்கிட்டக் காட்டலயே.”

மனுவில் இது எப்படி வருகிறது? “ஏழைக் கூலித் தொழிலாளியாகிய எனக்கு மூன்று நாட்களுக்கான ஊதியம் வரவு வைக்கப்படாமல் விடுபட்டுள்ளது. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” பேச்சில் ‘ஏத்தியிருக்காக’ என்ற வினைக்கு எழுவாய் இருக்கிறது, ஏற்றியவர் ஒருவர் இருக்கிறார். மரியாதை விகுதி வேறு போட்டுச் சொல்கிறார். மனுவில் ‘விடுபட்டுள்ளது’. யாரும் விடவில்லை, தானாக விடுபட்டது. ‘எங்கிட்டக் காட்டலயே’ என்பது சட்டப்படி மிகக் கூர்மையான வாதம். அளவெடுப்பு வெளிப்படையாக நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டு. அது மனுவில் காணவே காணோம். அதன் இடத்தில் கருணை வந்து உட்கார்ந்துகொள்கிறது. உரிமையாக வாயில் பிறந்தது இரக்கமாகத் தாளில் இறங்குகிறது. குறைதீர்ப்பாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் கையில் கிடைப்பது இந்தத் தாள்.

ஆர்லெட் ஃபார்ஜும் மிஷெல் ஃபூக்கோவும் 1982இல் வெளியிட்ட ஒரு நூலில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசின் ஏழைக் குடும்பங்கள் அரசனுக்கு எழுதிய விண்ணப்பங்களைத் தொகுத்தார்கள். எழுத்தர்களின் ஆடம்பர நடைக்குள் தெருவின் வாழ்க்கை பிதுங்கிக்கொண்டு நிற்கும். அந்த மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிவதே அவர்கள் ஒரு கணம் அதிகாரத்தோடு மோதியதால்தான் என்பது ஃபூக்கோவின் அவதானம். நம் மனுக்களுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே ஆவணக்காப்பகத்தில் மனு மிஞ்சியது. இங்கே மனுக் கொடுத்தவரிடம் நகல்கூட மிஞ்சுவதில்லை.

அடுத்தது ரசீது. வேலை கேட்டு மனுக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பது 2005 சட்டம். அந்தத் தேதி இல்லாவிட்டால் 15 நாள் என்பது தொடங்கவே தொடங்காது. சட்டத்தின் மொத்த உரிமையும் அந்த ஒரு துண்டுச் சீட்டில் தொங்கியது. “ரசீதெல்லாம் எதுக்கு, நாங்க கூப்புடுறோம், வாங்க” என்று சிரித்துச் சொன்னால் போதும். உரிமை காலாவதியாவதற்குக்கூட வழியில்லை, அது பிறக்கவே இல்லை. புகாருக்கு ஆதாரம் கேட்கும் குறைதீர்ப்பாளர் முன்னால் ஆதாரம் இல்லாமல் நிற்க வேண்டியதாகிறது.

மூன்றாவது, புகார் செய்வதற்கு ஆகும் செலவு. கூலி தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் நட்டஈடு என்பது விதி. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நாட்கூலி 319 ரூபாய். ஆறு நாள் கூலி 1,914 ரூபாய். அதற்கு ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு, 96 பைசா. ஒரு மாதம் தாமதித்தால் 29 ரூபாய் போல. இதைக் கேட்டு வாங்க அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்வரும் பஸ் காசுக்கே அது காணாது. அன்றைய கூலியும் போகும். புகாரின் விலை புகாரால் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும்படி ஓர் ஏற்பாடு அமைந்துவிட்டால், புகார் வரவில்லை என்பதை மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

நான்காவது, பார்வையின் திசை. மாவட்டக் குறைதீர்ப்பாளரின் கண் கீழ்நோக்கி மட்டும் பார்க்கும். பணித்தளப் பொறுப்பாளர், ஊராட்சிச் செயலர், ஓவர்சியர், போனால் பிடிஓ. கூலி வராததற்குக் காரணம் டெல்லியில் பணம் விடுவிக்கப்படாதது என்றால்? 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 4,034 கோடி ரூபாய் நிலுவையில் நிற்பதாகச் சொல்லி ஆளுங்கட்சியே ஊர் ஊராகப் போராட்டம் நடத்தியது. எந்த மாவட்டக் குறைதீர்ப்பாளரும் நிதி அமைச்சகத்துக்குச் சம்மன் அனுப்ப முடியாது. 2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவைச் செல்போன் செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். டவர் கிடைக்காமல் படம் ஏறவில்லை என்றால் குற்றவாளி யார்? பதிவேட்டில் பொய் எழுதிய கைக்குப் பெயர் உண்டு; ஏறாத படத்துக்குப் பெயர் கிடையாது. ஓம்புட்ஸ்மன் என்ற கருத்தே, தவறு செய்த ஓர் அதிகாரி இருக்கிறார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அதிகாரம் ஆளை விட்டு விலகி அமைப்புக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும்போது அந்த அனுமானம் காலை வாரிவிடுகிறது.

கல்லணைக் கால்வாய் இந்தப் பகுதி வழியாக மும்பாலை ஏரி வரை வருகிறது. கடைமடை என்பதன் பொருள் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். தண்ணீர் வரவில்லை என்றால் மடைக்காரனைத் திட்டிப் பயனில்லை, மேலே எங்கோ ஷட்டர் இறங்கியிருக்கிறது என்று விவசாயிக்குத் தெரியும். மாவட்டக் குறைதீர்ப்பாளர் கடைமடையில் நிற்கும் அதிகாரி. மேல்மடையைத் தொடும் கை அவருக்கில்லை.

5

இதுவரை சொன்னது பதவியின் எல்லை. ‘நடு’ என்ற சொல்லுக்கே ஓர் எல்லை இருக்கிறது. இதே மாவட்டத்தில் வேங்கைவயலில், தலித் குடியிருப்புக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. மாவட்ட ஆட்சியர் நேரில் வந்தார். இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிச்சத்துக்கு வந்தன. வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடிக்குப் போனது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டு ஒருநபர் ஆணையம் அமைத்தது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, அதில் குற்றம்சாட்டப்பட்ட மூவரும் பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வேறு அமைப்பு விசாரிக்க வேண்டும் என்றார்கள். வழக்கின் முடிவைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. முறையிட்டவர்கள் எந்த அளவுக்கு விசாரணையின் பொருளாகிவிட முடியும் என்பதை மாவட்டம் முழுக்க ஒவ்வொரு சேரியும் அன்று பார்த்தது. அதற்குப் பிறகு ஒருவர் மனு எழுத உட்காரும்போது கை என்ன நினைக்கும் என்பதே என் கேள்வி.

நடுவர் சாதிக்கு வெளியே இருந்து வருகிறார் என்று சட்டம் கற்பனை செய்கிறது. கிராமத்தில் நடு என்று ஓர் இடமே கிடையாது. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது, இடையில் இருப்பது வயலோ வாய்க்காலோதான். விசாரணைக்கு வருபவர் ஊராட்சி அலுவலகத்தில் உட்காருகிறார். அலுவலகம் பெரும்பாலும் ஊர்ப்பக்கம் இருக்கும். சேரிப்பெண் அங்கே நடந்து போய், தனக்கு வேலை பிரித்துத் தருபவரின் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. முற்போக்குத் தோழர்கள் இதைப் பேசத் தயங்குகிறார்கள். புகார் என்ற ஆயுதம் கீழிருந்து மேலே மட்டும் பாய்வதில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, ஊராட்சித் தலைவரை நீக்கும் நடவடிக்கையை மாவட்ட ஆட்சியர் கையில் தருகிறது. தனித் தொகுதியில் வென்ற தலித் தலைவர்கள் மீதும் பெண்கள் மீதும் இந்தப் பிரிவு எப்படிப் பாயலாம் என்பது யோசித்தால் தெரியும். நாற்காலியில் உட்காரவிடாமல் செய்ய 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டினார்கள். வெட்டாமல் செய்யும் வழிகளும் உண்டு. துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்துப் போட மறுப்பார், வேலை நிற்கும், வேலை நடக்கவில்லை என்று ஊரார் கையெழுத்திட்ட மனு நடுவருக்குப் போகும். நடுவர் கோப்பைப் பார்ப்பார். கோப்பு மனுதாரர் பக்கம் பேசும். நடுநிலையோடு பார்த்தால் தலைவர்தான் கடமை தவறியவர். சமமில்லாத தரையில் நடுநிலை என்பது சரிவின் பக்கம் சாய்வது. அம்மிக்கல்லையும் அரிசியையும் தட்டில் வைத்து முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமாகிவிடாது.

உள்ளாட்சி முறைமன்ற நடுவரின் விசித்திரமான நிலையையும் இங்கே சேர்க்க வேண்டும். 2014இல் அவருக்குச் சட்டம் வந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில்தான் புதுக்கோட்டை உட்பட 27 மாவட்ட ஊரகப் பகுதிகளில் தேர்தல். அவர்களின் காலமும் 2025 ஜனவரி 5 உடன் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். கண்காணிக்க ஆள் நியமித்துவிட்டுக் கண்காணிக்கப்பட வேண்டிய சபையைக் கலைத்து வைத்திருப்பது ஓர் ஆட்சிமுறை. ஆவுடையார்கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, பீடம் மட்டும். அருவமாக ஆத்மநாதர் இருப்பதாக ஐதீகம். பக்தர்களுக்கு அது தத்துவம். ஊராட்சிக்கு அது சரிப்படாது.

6

‘இதெல்லாம் ஆளும் வர்க்கத்தின் வடிகால், கோபத்தை மனுவாக்கிக் கரைத்துவிடும் வேலை’ என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். மேலே எழுதியதைப் படித்தால் நானும் அங்கேதான் போய்ச் சேர்வேன் என்று அவர்கள் எதிர்பார்க்கலாம். நான் அங்கே போகவில்லை. வடிகால் என்ற உருவகத்தையே எடுத்துக்கொண்டாலும், வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகும் என்பதும் விவசாயிக்குத் தெரியும். வடிகாலை வாய்க்கால் என்று சொல்லி ஏமாற்றுவதைத்தான் எதிர்க்க வேண்டும்.

கர்நாடக அனுபவத்தை இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே லோக் ஆயுக்தாவுக்குச் சொந்தப் போலீஸ் இருந்தது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011 ஜூலையில் சட்டவிரோதச் சுரங்கம் பற்றி அறிக்கை தந்தார். அந்த மாதக் கடைசியில் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். பல் உள்ள அமைப்பு கடிக்கும் என்பது நிரூபணமானது. 2015இல் அதே அமைப்பின் தலைவராக இருந்த நீதிபதியின் மகனே பணம் பறித்த குற்றச்சாட்டில் கைதாகி, தலைவர் பதவி விலகினார். 2016இல் மாநில அரசு ஊழல் தடுப்புப் படை என்று தனியாக ஒன்றை அமைத்து லோக் ஆயுக்தாவின் கையிலிருந்து அந்த வேலையைப் பிடுங்கியது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் படையைக் கலைத்தது. இந்த இழுபறியே ஒரு செய்தி: யாரும் செத்த பாம்பைக் கம்பெடுத்து அடிப்பதில்லை. கேரளத்தில் 2021 ஏப்ரலில் லோக் ஆயுக்தா தீர்ப்பால் அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். அடுத்த ஆண்டே இடதுசாரி அரசு அந்தப் பிரிவை அவசரச் சட்டத்தால் மழுக்கப் பார்த்தது. கொடியின் நிறம் இங்கே உதவவில்லை.

ஆகவே கேள்வியை மாற்றிப் போட வேண்டும். நடுவர் நல்லவரா, ஓய்வுபெற்ற நீதிபதியா, ஓய்வுபெற்ற ஆசிரியரா என்பதில் நேரம் போகிறது. அவருடைய உத்தரவு எங்கே வாசிக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பரிந்துரை மட்டுமே செய்ய முடிந்த ஒருவரின் பலம், அந்தப் பரிந்துரையை எத்தனை பேர் அறிவார்கள் என்பதைப் பொறுத்தது. கோப்போடு கோப்பாகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால் அது இன்னொரு மனு. தமிழ்நாட்டில் 2022இலிருந்து ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊர் பற்றிய ஒவ்வொரு உத்தரவும், நிறைவேறியதா இல்லையா என்ற பதிலோடு, அடுத்த கிராமசபையில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். இதற்குப் புதுப் பதவி தேவையில்லை.

இரண்டாவது, வாய்மொழிப் புகார். பெண் பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். ‘ஏத்தியிருக்காக’ என்பது ‘ஏத்தியிருக்காக’ என்றே இருக்க வேண்டும். எழுவாய் இருக்கும் வாக்கியத்தை நடுவர் படித்தால் எழுவாயைக் கூப்பிட்டாக வேண்டிவரும். மூன்றாவது, கூட்டுப் புகார். தனி ஆளாகப் போனால் நாளை வேலை கிடையாது. நாற்பது பேராகப் போனால் நாற்பது பேருக்கும் வேலை இல்லை என்று சொல்ல முடியாது. நான்காவது, நடுவர் சேரிக்குப் போய் உட்கார வேண்டும். அவர் அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாரா என்று ஊர் பார்க்கட்டும். ஐந்தாவது, பொய்ப் புகார் தண்டனை என்ற பிரிவு போக வேண்டும். நிரூபிக்க முடியாத புகாரும் பொய்ப் புகாரும் ஒன்றில்லை என்று கூலி ரசீது இல்லாத எவருக்கும் தெரியும்.

இவை எதுவும் புரட்சி இல்லை. சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகக்கூடப் படலாம். வந்திக்குக் கூலியாள் கிடைத்ததைப் பாடிய மரபு, அவள் பங்கை அளந்த கயிற்றைப் பற்றிப் பாடவில்லை. அந்தக் கயிறு யார் கையில் இருந்தது, எந்த முனையிலிருந்து பிடித்தார்கள், அளக்கும்போது அவள் பக்கத்தில் நின்றாளா என்பதெல்லாம் எழுதப்படாத பகுதி. நூறு நாள் வேலைச் சட்டம் கையை விட்டுப்போன பின்னரும் கண்மாய்க்கரையில் அளவு எடுப்பார்கள். டேப்பின் ஒரு முனையை ஓவர்சியர் பிடித்திருப்பார். மறுமுனையைப் பிடிக்க வேலை செய்தவர்களில் ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதற்கு எந்த நடுவரின் அனுமதியும் வேண்டாம். கேட்டு, மறுத்தால், மறுத்தவர் பெயரோடும் தேதியோடும் மனு எழுதலாம். அப்போது நடுவருக்கு ஒரு வேலை இருக்கும்.